தூங்கும் பிள்ளையும் பதிமூன்று ஓட்டும்

அத்தியாயம் 14

முட்டைக்கோசு இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டுவதில் ஒதிலியாவை மிஞ்ச ப்ருனெஷ்ட்டி ஊரில் ஆள் கிடையாது. அன்று வியாழக்கிழமை. காலை ஒன்பது அடிப்பதற்குள் இரண்டு பெரிய பானை நிறைய சர்மாலே சுருட்டி அடுக்கிவிட்டாள். விரலெல்லாம் புளித்த கோசு வாசனை.

"ஒரு வயசுப் பையனுக்கு முடி வெட்ட இத்தனை பேருக்கா சமைப்பாங்க?" என்றாள் தங்கை இலிங்கா. பதினேழு வயது. இடுப்பில் மகன் எமில். "என் கூட்டாளிங்க ஆறு பேரு. ஞானப்பா, ஞானம்மா. மிச்சமெல்லாம் யாருக்கு?"

"ஞானப்பா கூட்டிட்டு வர்றவங்களுக்கு."

"யார் யாரு?"

ஒதிலியா பானை மூடியைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டாள்.

போன வாரம் அறக்கட்டளைக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அவள் தூங்காமல் புரண்டது நினைவிருக்கும். சின்ன வயதில் பிள்ளை பெற்ற பெண்களுக்காக அவள் எட்டு வருடமாக நடத்தும் தாய்மார் வகுப்புக்கு, இனிமேல் பாதிச் செலவைத்தான் அறக்கட்டளை தரும். மறுபாதியை ஊர் மன்றம் தர வேண்டும். தருகிறோம் என்கிற தீர்மானம் இந்த வியாழன் மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இந்த மாதத்தோடு வகுப்புக்குப் பூட்டு. மன்றக் கூட்டம் வியாழன் இரண்டு மணிக்கு. எமிலுக்கு முதல் முடி வெட்டும் விருந்தும் அதே வியாழன், ஒரு மணிக்கு, மன்றத்துக்கு எதிரிலேயே இருக்கும் பெத்ராகேயின் உணவகத்தில். பெத்ராகே எமிலின் ஞானத்தகப்பன். மன்றத்தின் தலைவரும் அவர்தான். எல்லாம் தற்செயலாக ஒன்றுகூடின என்று நினைப்பவர்களுக்கு ஒதிலியாவைத் தெரியாது.

இலிங்காவுக்குத் தெரியும். "அக்கா! மன்றத்து ஆளுங்களையா கூப்பிட்டிருக்க?"

"ஞானப்பாவோட சேத்து ஏழு பேரு. நல்லா சாப்பிடுறவங்களா பாத்துக் கூப்பிட்டேன்."

"என் பிள்ளை தலைமுடியைக் காட்டி ஓட்டு வாங்கப் போறியா?"

"ஒரு மணிக்கு முடி வெட்டு. ஒன்றரைக்குச் சாப்பாடு. ரெண்டு மணிக்கு அப்படியே எந்திரிச்சு ரோட்டைத் தாண்டுவாங்க. சாப்பிட்ட சூட்டோட எனக்கு எதிரா எவன் பேசுவான்?"

"உனக்கு வெக்கமே கிடையாதா?"

"வெக்கப்பட்டா வகுப்பு கிடையாதுடி. ஜூன்ல உனக்குப் பரீட்சை. நீ சாயங்காலப் பாடத்துக்குப் போறப்போ எமிலை யாரு பாத்துக்குறாங்க? அந்த வகுப்புதானே? அங்க வர்ற தெனீசாவுக்கு இப்பதான் பதினாறு. அவ குழந்தைக்கு இன்னும் கழுத்தே நிக்கல."

இலிங்கா எமிலின் தொப்பிக் கயிற்றைத் தேவைக்கு மேல் இறுக்கினாள். அவன் கத்தியதும் தளர்த்தி, அவன் தாடையைத் தடவிக்கொடுத்தாள்.

அம்மா இத்தாலிக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பொலோன்யாவில் யாரோ ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டி அனுப்பும் பணத்தில்தான் இந்த வீட்டுக் கூரை மாறியது. ஐந்து வயது இலிங்காவைத் தூக்கி வளர்த்தது ஒதிலியா. தங்கை வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்ற அன்று அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு வாயும் இல்லை. அவளே பதினாறில் சொரீனாவைப் பெற்றவள்.

* * *

பதினொரு மணிக்கு, பெரிய தகரத் தட்டு ஒன்று வேண்டும் என்று ஒதிலியா வகுப்புக் கட்டடத்துக்குப் போனாள். பழைய இரண்டாம் எண் பாலர் பள்ளி அது. ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போய், பிள்ளைகள் குறைந்து, மூடிக் கிடந்ததைத்தான் வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை. காய்ந்த லிண்டன் பூவைக் கொதிக்க வைத்த தேநீர், தரை மெழுகு, ஈரக் கம்பளிக் கையுறை. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் போகாத வாசனை அது. அவள் நாலு வயதில் முகர்ந்ததும் இதையேதான்.

நடைவழியில் சட்டை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். முள்ளம்பன்றி, செர்ரி, குடை. அவளுடையது காளான். அம்மா அவளைத் தூக்கி அந்தக் கொக்கியில் கோட்டை மாட்டச் சொல்லுவாள். ஒதிலியா வேண்டுமென்றே தவறவிடுவாள், அம்மா இன்னொரு தடவை தூக்குவாள் என்பதற்காக. அந்த அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை கைபேசித் திரையில் வருகிறாள்.

அந்தக் காளானுக்குக் கீழேதான் பதினேழு வயதில் அவள் துடைப்பத்தைச் சாத்தி வைப்பாள். துப்புரவு வேலை. வயிறு தெரிய ஆரம்பித்த மாதம் பத்தாம் வகுப்பை விட்டாயிற்று. குழந்தை சொரீனா, கொதிகலன் அறையில் உருளைக்கிழங்குக் கூடைக்குள் படுத்திருப்பாள். எட்டு மாதம் வரை ஒதிலியா அவளிடம் பேசியதே இல்லை. பேச வேண்டும் என்று தெரியாது. பால் கொடுக்க வேண்டும், நனைந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் தெரியும். பேசாத குழந்தையிடம் என்ன பேசுவது?

ஒரு நாள் வகுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆசிரியை ஒரு ஆப்பிளைக் கையில் வைத்து, "இது என்ன? இது சிவப்பா இருக்கே!" என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒதிலியா ஈரத் துணியோடு நின்று கேட்டாள். பிறகு கொதிகலன் அறைக்குப் போனாள். அங்கே ஆப்பிள் ஏது? "இது என்ன? இது வாளி. இது என்ன? இது துடைப்பம்," என்று ஆரம்பித்தாள். கூடைக்குள்ளிருந்து சொரீனா கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். அப்படி அதற்கு முன் அவள் தாயைப் பார்த்ததில்லை. அவள் முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை. வாளி.

இப்போது யாஷ் நகரத்தில் மருந்தாளுநர் படிப்பு படிக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஒதிலியாவுக்கு அந்தக் கதவோரத்து நாட்கள்தான் வாழ்க்கையிலேயே இனித்த நாட்கள். காலில் குளிர், கையில் வெடிப்பு, இருந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சங்கதி கிடைத்தது.

பெர்லாத் நகர மாலைப் பள்ளியில் மிச்சப் படிப்பை அவள் முடித்துவிட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் பேருந்தில் போனது உண்மை. சொரீனாவுக்குக் கக்குவான் இருமல் வந்தது. நின்றுவிட்டாள். பிறகு அறக்கட்டளைக்காரர்கள் குழந்தைகளைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை இவளைக் கை காட்டினார். மறு வாரமே ஊரெல்லாம் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தட்டைத் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

பன்னிரண்டே முக்காலுக்குப் பெத்ராகேயின் கூடம் நிறைந்துவிட்டது. அக்கார்டியன் ஒரு மூலையில் இழுத்துக்கொண்டிருந்தது. மன்றத்து ஏழு பேரும் வந்து, பிளம்ஸ் சாராயத்தைக் குட்டிக் கோப்பையில் ஊற்றி எமிலின் ஆயுளுக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் சீப்பு, புத்தகம், கரண்டி, பேனா, பணம், சாவி என்று பரப்பியாயிற்று; முடி வெட்டியதும் பிள்ளை எதை எடுக்கிறானோ அதை வைத்து அவன் எதிர்காலத்தைச் சொல்வார்கள். ஞானத்தாய் லெனுட்சா, நாடா கட்டிய கத்தரிக்கோலோடு தயார்.

எமில் தூங்கிவிட்டான்.

சாதாரணத் தூக்கம் இல்லை. வாய் பிளந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தள்ளுவண்டியில் கிடந்தான்.

"எழுப்புடி பொண்ணே," என்றாள் லெனுட்சா.

"எழுப்ப மாட்டேன் ஞானம்மா. காலைலேர்ந்து ஒரே இரைச்சல், அவன் கண்ணே அசரல. இப்பதான் தூங்குறான். தானா முழிக்கட்டும்."

"நாங்கெல்லாம் எழுப்பித்தான் வெட்டினோம். எந்தப் பிள்ளை செத்துப்போச்சு?"

"எழுப்பினா அலறுவான். அலறுற தலைல கத்தரிக்கோல் வைப்பீங்களா?"

ஒன்றே கால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. முடி வெட்டாமல் சாப்பாடு பரிமாறும் வழக்கம் இல்லை. சாப்பாடு பரிமாறாததால் ஏழு பேரும் குட்டிக் கோப்பையை விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மன்றச் செயலர் அக்லயா, ஜன்னலில் நின்று மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மன்றத்தில் மொத்தம் பதிமூன்று பேர். ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் கூட்டமாகும். அங்கே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஞானப்பா, நீங்க போய் கைய தூக்கிட்டு வந்துடுங்களேன்," என்று ஒதிலியா கெஞ்சினாள்.

பெத்ராகே அதிர்ந்தே போனார். "என்னம்மா சொல்ற? ஞானப்பிள்ளைக்கு முடி வெட்டாம எந்த ஞானத்தகப்பன் எந்திரிச்சுப் போவான்? நாளைக்கு ஊர்ல நான் தலை காட்ட வேணாமா?"

"அவரை விட்டுட்டு நாங்க எப்படிப் போறது?" என்றார்கள் மற்ற ஆறு பேரும்.

அவள் போட்ட கணக்கு அவள் காலிலேயே விழுந்துவிட்டது. விருந்து என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் ஏழு பேரும் இந்நேரம் மன்றத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டே காலுக்கு ஒதிலியா தங்கையின் பக்கத்தில் குனிந்தாள். "இலிங்கா, எழுப்பிடுடி. ஒரு தடவை. எனக்காக."

இலிங்கா நிமிர்ந்து பார்த்தாள். "தூக்கம் வர்ற குழந்தைய ஊருக்காக முழிச்சிருக்க வைக்காதீங்க, தூங்குறத ஊருக்காக எழுப்பாதீங்கன்னு எங்களுக்குச் சொன்னது யாரு? நீதானே?"

ஒதிலியாவுக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் மேசை விரிப்பை இழுத்துவிட்டாள்.

"ஞானப்பா பிள்ளைய விட்டுட்டுப் போகக் கூடாது, அவ்ளோதானே?" என்று இலிங்காவே மறுபடி பேசினாள். "பிள்ளையும் கூட வந்தா?"

லெனுட்சா வாயைத் திறந்தாள். மூடினாள். "தட்டு?"

"தட்டும் வரட்டும்."

அப்புறம் ப்ருனெஷ்ட்டி சதுக்கம் ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் தள்ளுவண்டி. பின்னால் தட்டோடு ஒதிலியா, கத்தரிக்கோலோடு லெனுட்சா, சிவந்த முகங்களோடு ஏழு பேர், வகுப்புப் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள். அக்கார்டியன்காரரை மட்டும் வாசிக்கக் கூடாது என்று இலிங்கா மிரட்டியிருந்தாள். அவர் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து வந்தார்.

* * *

"நிகழ்ச்சி நிரல் ஆறாவது," என்று அக்லயா வாசித்து முடிக்கும்போது மணி மூன்றே கால்.

மன்றத்தில் காத்திருந்த ஆறு பேரில் ஒருவரான கால்நடை மருத்துவர் ஹராலம்பியே எழுந்தார். விருந்துக்கு அழைக்கப்படாதவர். "நான் ஒளிவுமறைவில்லாம கேக்குறேன். பிள்ளை பெத்தா வகுப்பு, பால், புத்தகம், ஆள் வெச்சுப் பாத்துக்குறது. நாளைக்கு இன்னும் நாலு பொண்ணுங்க, 'சரி, நாமளும் பெத்துக்கலாம்'னு கிளம்ப மாட்டாங்களா? அப்புறம், இதை நடத்துறது யாரு? தகுதி என்ன? பிள்ளை வளக்குறதுக்கெல்லாம் ஒரு பாடமா? என் பசுங்களுக்கு யாரு பாடம் எடுத்தாங்க?"

அவர் குரல் கொஞ்சம் கனம். எமில் எழுந்துவிட்டான்.

அழவில்லை. உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். லெனுட்சா இதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் உச்சிமுடியைப் பிடித்து நறுக்கென்று வெட்டினாள். தட்டை நீட்டினார்கள். அவன் சீப்பை எடுத்தான், சாவியை எடுத்தான், கரண்டியை எடுத்து ஹராலம்பியே மேல் எறிந்தான். மன்றமே சிரித்தது, அவரைத் தவிர.

"மூணு இருபத்தஞ்சு," என்றாள் அக்லயா.

சிரிப்பு அடங்குமுன் இலிங்கா மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "நான் ஒண்ணு சொல்லலாமா? ஊர்க்காரங்க பேசலாம்னு வாசல்ல எழுதியிருக்கு."

பெத்ராகே தலையசைத்தார்.

"நவம்பர்ல ஒரு மத்தியானம். அக்கா சந்தைக்குப் போயிருந்தா. இவனுக்குப் பல்லு முளைக்குற நேரம். விடியறப்போ ஆரம்பிச்ச அழுகை. இவன் அப்பா ஜெர்மனில தோட்ட வேலைல இருக்காரு, ஃபோன் எடுக்கல. நான் இவன் ரெண்டு தோளையும் பிடிச்சுத் தூக்கிட்டேன். உலுக்கப் போறேன். நெஜமா உலுக்கத்தான் போனேன்."

அவள் எமிலை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுக்கு முந்தின வாரம்தான் வகுப்புல சொல்லியிருந்தாங்க. குழந்தைய உலுக்கினா மூளைக்குள்ள ரத்தம் கசியும், கண்ணு போகலாம், உயிரே போகலாம்னு. கை நடுங்குச்சுன்னா தொட்டில்ல போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, வெளிய நின்னு நூறு எண்ணுன்னு. நான் முன்னூறு எண்ணினேன். உள்ள அழுதுட்டேதான் இருந்தான். ஆனா அழுறதுக்கு உயிரோட இருந்தான்." அவள் ஹராலம்பியேவைப் பார்த்தாள். "உங்க பசுவுக்குப் பாடம் வேணாம் டாக்டர். அதுக்குக் கை கிடையாது."

ஒதிலியா கண்ணை மூடிக்கொண்டாள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டும் இந்தப் பெண் ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது ஊர் முன்னால், நாளைக்கு யார் என்ன பேசுவார்கள் என்று நினைக்காமல் சொல்லிவிட்டாள். பிள்ளையின் தலைமுடியைக் காட்டி ஓட்டு வாங்குகிறவள் என்று அக்காவைத் திட்டிய வாய் அது.

பெத்ராகே மூக்கைச் சிந்தினார். அவர் ஈர மனசுக்காரர்; குட்டிக் கோப்பைகளும் கொஞ்சம் உதவியிருக்கலாம். "நான் ஆதரிக்கிறேன். ஆனா டாக்டர் கேட்டதுலயும் ஒரு நியாயம் இருக்கு. தகுதி என்னன்னு கேட்டாரு. அதனால ஒரு திருத்தம். வகுப்புப் பொறுப்புல இருக்குறவங்க பள்ளி இறுதித் தேர்வுல தேறினவங்களா இருக்கணும். சான்றிதழ் நகலை மன்றத்துல வைக்கணும். நம்ம ஒதிலியா டீச்சர் மாதிரி படிச்சவங்க கையில இருந்தா யாரு குறை சொல்ல முடியும்?" என்று சொல்லி, அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

ஹராலம்பியே தோளைக் குலுக்கினார். "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஒதிலியா பாதி எழுந்தாள். அக்லயாவின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. இப்போது வாயைத் திறந்தால் திருத்தத்தைத் திருத்த வேண்டும். ஹராலம்பியே மறுபடி எழுவார். பேச்சு வளரும்.

"என்ன டீச்சர், ஏதாவது சொல்லணுமா?" என்றாள் அக்லயா.

வகுப்புப் பெண்கள் பின்வரிசையில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தெனீசா குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்திருந்தாள், சொல்லிக்கொடுத்தபடியே.

"இல்ல," என்று ஒதிலியா உட்கார்ந்தாள்.

பதினொரு கைகள் மேலே போயின. இரண்டு போகவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அக்லயா முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, கணினியில் அனுப்பி, "போயிடுச்சு!" என்று உள்ளறையிலிருந்து கத்தினாள். பெண்கள் ஒதிலியாவைக் கட்டிக்கொண்டார்கள். அக்கார்டியன் இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று ஆரம்பித்தது.

"சான்றிதழ் நகலைத் திங்கக்கிழமை கொண்டுவந்து கொடுத்துடு ஒதிலியா," என்று அக்லயா வெளியே வந்தாள்.

ஒதிலியா, தன்னைக் கட்டியிருந்த கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். "என்கிட்ட இல்ல."

"வீட்ல இருந்தா எடுத்துட்டு வா."

"வீட்லயும் இல்ல. நான் பத்தாம் வகுப்பே முடிக்கல."

அக்கார்டியன் நின்றது. பெத்ராகேயின் முகத்தில் சிவப்பு மெல்ல இறங்கியது. "ஏம்மா! கை தூக்குறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நாலு மணி ஆயிருக்கும் ஞானப்பா."

"அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது," என்றாள் அக்லயா தாழ்ந்த குரலில். "திருத்தமும் சேந்துதான் போயிருக்கு."

இலிங்கா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எமில் அவள் கன்னத்தைச் சீப்பால் தட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பிடுங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து தெனீசா முன்னால் வந்தாள். பேசியது எதுவும் அவளுக்கு முழுசாகப் புரிந்த மாதிரி தெரியவில்லை. வகுப்பு உண்டு, டீச்சர் வர முடியாது என்பது மட்டும் புரிந்திருந்தது.

"அப்போ செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு எங்களுக்கு யாரு வருவாங்க டீச்சர்?"

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெண்களுக்கு முன்னால் ஒதிலியா அழுதாள்.